2500-இல் முக்கிய எண்ணுருக்கள் இரண்டா, நான்கா? பத்தின் அடுக்கு எதற்கு?

கவின்_பிளஸ்ஒன்:

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கிறேன், தமிழ் வழி. இயற்பியலில் முதல் பாடமே அளவீடு. அதில் முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவீட்டில் மதிப்புள்ளவை என்று எண்ணப்படும் இலக்கங்கள்) பகுதி மட்டும் எத்தனை தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. விதிகளைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பேன், ஆனால் எந்த விதி எதற்காக இருக்கிறது என்று தெரியாததால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலும் தடுமாறுகிறது.

2500 என்று வெறும் எண்ணாகக் கொடுத்தால் அதில் முக்கிய எண்ணுருக்கள் 2 என்கிறார்கள். அதையே 2500 மீ என்று அலகோடு கொடுத்தால் 4 என்கிறார்கள். ஒரு 'மீ' வந்து ஒட்டிக்கொண்டதும் அந்த இரண்டு சுழிக்கும் எங்கிருந்து மதிப்பு வந்தது? டியூஷனில் கேட்டேன், "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம் செய்முறை வகுப்பில் ஒரு உலோக உருளையின் பருமன் கண்டுபிடித்தோம். வெர்னியர் அளவியில் விட்டம் 2.50 செ.மீ, சாதாரண அளவுகோலில் நீளம் 12.3 செ.மீ. விட்டத்தை 2.5 என்று எழுதியிருந்தேன், மேடம் அடித்து 2.50 ஆக்கினார். சரி, இலக்கம் கூட இருந்தால்தான் நல்லது போல என்று நினைத்து, பருமனுக்குக் கால்குலேட்டர் காட்டிய 60.37748381-ஐ அப்படியே எழுதினால் அதையும் அடித்து 60.4 என்று போட்டுவிட்டார். ஓரிடத்தில் சேர்க்கச் சொல்கிறார், இன்னோர் இடத்தில் வெட்டச் சொல்கிறார்.

கூட்டலுக்கு ஒரு விதி, பெருக்கலுக்கு வேறு விதி என்பதும் புரியவில்லை. 2.5 × 10³ என்று அறிவியல் குறியீட்டில் எழுதுவது இடத்தை மிச்சப்படுத்தத்தானா, இல்லை இதற்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

நீட்_மறுமுயற்சி:

நண்பா, விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள். இதிலிருந்து ஒரு கேள்வி வந்தாலே பெரிது. ஏன் எதற்கு என்று இதிலேயே உட்கார்ந்தால் வெப்ப இயக்கவியலை யார் படிப்பது?

ஆய்வகக்_கலா:

மேலே சொன்னவர் தேர்வுக்காகச் சொல்கிறார், அதுவும் ஒரு நியாயம்தான். நான் மருந்து தயாரிக்கும் இடத்தில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கடைசி இலக்கத்தை எப்படி எழுதுகிறோம் என்பதை வைத்து ஒரு பேட்ச் வெளியே போவதும் உள்ளே நிற்பதும் நடக்கும், அதனால் எனக்கு இது மதிப்பெண் விஷயமாகத் தெரியவில்லை.

கவின், விதிகளைக் கொஞ்ச நேரம் மூடி வை. அளந்து எழுதிய எந்த எண்ணும் இரண்டு செய்தி சொல்கிறது. எவ்வளவு என்பது ஒன்று. எதுவரை பார்த்தேன் என்பது இன்னொன்று. 2.5 செ.மீ என்றால் "பத்தில் ஒரு பங்கு வரைக்கும் பார்த்தேன், அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்று அர்த்தம். 2.50 என்றால் "நூறில் ஒரு பங்கையும் பார்த்தேன், அங்கே சுழிதான் இருந்தது" என்று அர்த்தம். கணக்குப் பாடத்தில் இரண்டும் ஒரே எண். ஆய்வகத்தில் இரண்டும் வேறு வேறு வாக்குமூலம். உங்கள் வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அதில் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. நீ பார்த்த சுழியை எழுதாமல் விட்டால் அந்தக் கருவியை எடுத்ததே வீண், அதனால்தான் மேடம் திருத்தினார்.

இப்போது 60.37748381. கால்குலேட்டருக்கு நீ எந்த அளவுகோலை வைத்து அளந்தாய் என்று தெரியாது. அது உள்ளே போட்ட எண்களைச் சுத்தமான எண்களாக எடுத்துக்கொண்டு காட்சித்திரை நிரம்பும்வரை இலக்கத்தைக் கொட்டும். நிஜத்தில் உன் விட்டம் 2.495-க்கும் 2.505-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, நீளம் 12.25-க்கும் 12.35-க்கும் நடுவே. சின்னதை எல்லாம் போட்டுப் பருமனைக் கணக்கிட்டால் 59.9, பெரியதை எல்லாம் போட்டால் 60.9. நீயே போட்டுப் பார். உண்மையான பருமன் அந்த இடைவெளிக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 60.4-இல் இருக்கும் அந்த 4-ஏ ஆட்டம் காண்கிறது, அதற்குப் பின்னால் 37748381 என்று எழுதினால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதுதானே? ஆக மேடம் இரண்டு இடத்திலும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார். பார்த்ததை விடாதே, பார்க்காததை எழுதாதே.

இதைப் பிடித்துக்கொண்டால் சுழி விதிகள் தானாக வந்துவிடும். 4.5 மி.மீ தடிமனை மீட்டரில் எழுதினால் 0.0045 மீ. அலகை மாற்றியதால் உன் அளவீடு கூர்மையாகிவிடவில்லை, மழுங்கிவிடவும் இல்லை. அதனால் முன்னால் வந்த சுழிகள் எண்ணிக்கையில் சேராது, அவை புள்ளி எங்கே என்று காட்டுவதற்காக நிற்பவை. 405-இல் நடுவில் இருக்கும் சுழி பார்த்து எழுதியது, சேரும்.

வம்பு பிடித்தது கடைசியில் வரும் சுழி மட்டும்தான். ஒருவர் பைக் மீட்டரைப் பார்த்து 2.5 கி.மீ என்கிறார், அதை மீட்டரில் மாற்றினால் 2500 மீ. இன்னொருவர் நாடாவை வைத்து ஒவ்வொரு மீட்டராக அளந்து சரியாக 2500 மீ என்கிறார். முதல் ஆளுடைய சுழிகள் இடத்தை நிரப்ப வந்தவை, இரண்டாம் ஆளுடையவை அளந்து பார்த்தவை. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருடையது எது என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பத்தின் அடுக்கு வேண்டியிருப்பது இங்கேதான். பைக்காரர் 2.5 × 10³ மீ என்று எழுதட்டும், நாடாக்காரர் 2.500 × 10³ மீ என்று எழுதட்டும். பத்து மீட்டர் வரை பார்த்தவர் 2.50 × 10³. எவ்வளவு பெரியது என்பதை அடுக்கு பார்த்துக்கொள்கிறது, எவ்வளவு நம்பலாம் என்பதை முன்னால் இருக்கும் இலக்கங்கள் பார்த்துக்கொள்கின்றன. இடத்தை நிரப்பும் சுழிகளுக்கு வேலையே இல்லாமல் போகிறது, அதனால் அங்கே ஒரு சுழி இருந்தால் அது வேண்டுமென்றே எழுதிய சுழி. இடம் மிச்சமாவது கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

அலகு இருந்தால் எல்லாச் சுழியும் சேரும் என்ற விதி பற்றி: அலகோடு எழுதினால் அது அளந்து வந்த எண் என்று வைத்துக்கொள்வோம் என்ற ஏற்பாடு அது. தேர்வில் அப்படியே எழுது, மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சூரியன் 15,00,00,000 கி.மீ தூரத்தில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், அலகும் இருக்கிறது, அதற்காக ஒன்பது இலக்கமும் அளந்தது என்று ஆகிவிடுமா? சராசரி தூரம் சுமார் 14.96 கோடி கி.மீ. ஆக அந்த விதியை உலகம் முழுவதற்கும் பொதுவானது என்று எடுத்துக்கொள்ளாதே.

மெட்ராஸ்_மேப்:

கடைசிச் சுழி என்றதும் எவரெஸ்ட் கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்களே, அந்த வேலை 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை (முதல் முக்கோணத்தின் அடிப்பக்கத்தை) சங்கிலி வைத்து அளந்ததில் ஆரம்பித்தது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து நகர்ந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து இமயமலையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நேபாளம் உள்ளே விடவில்லை. அதனால் பீகார் சமவெளியில் நின்றுகொண்டு நூறு மைலுக்கும் அப்பால் இருந்த சிகரங்களின் கோணத்தைத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியில் பார்த்தார்கள். 'சிகரம் 15' என்று மட்டும் குறித்து வைத்திருந்ததுதான் உலகத்திலேயே உயரமானது என்று கணக்கில் தெரியவந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-இல் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ வா அறிவித்த உயரம் 29,002 அடி.

இதில் சொல்லப்படும் கதை என்னவென்றால், கணக்கில் வந்தது சரியாக 29,000 அடியாம். அப்படியே வெளியிட்டால் ஏதோ குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று பயந்து இரண்டு அடியைச் சேர்த்துவிட்டார்களாம். எவரெஸ்ட்டின் உச்சியில் முதலில் இரண்டடி வைத்தவர் வா தான் என்று கிண்டல் செய்வார்கள். கவினின் 2500 பிரச்சினை அப்படியே இங்கே இருக்கிறது பாருங்கள். அளந்து வந்த சுழியா, நிரப்ப வந்த சுழியா என்று எண்ணைப் பார்த்துத் தெரியாததால் வந்த வினை.

கவின்_பிளஸ்ஒன்:

கலா அக்கா, மிக்க நன்றி. 59.9, 60.9 இரண்டையும் போட்டுப் பார்த்தேன், அப்படியே வந்தது. இப்போது 2.50-க்கும் 60.4-க்கும் காரணம் தெளிவாகிவிட்டது. எவரெஸ்ட் கதை அருமை அண்ணா.

கூட்டல் விதி மட்டும் இன்னும் நிற்கிறது. பெருக்கினால் எண்ணுருக்களை எண்ண வேண்டும், கூட்டினால் புள்ளிக்குப் பிறகு உள்ள இலக்கங்களை எண்ண வேண்டும். ஏன் இரண்டுக்கும் ஒரே விதி வைக்கவில்லை?

ஓய்வுபெற்ற_கணக்கு:

தம்பி, தெரியாத இலக்கத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுக் கூட்டிப் பார். நான் வகுப்பில் இதைத்தான் செய்வேன்.

பழைய தராசில் ஒரு குடுவை 152.3 கிராம். அதில் நுண்தராசில் எடை போட்ட 0.4172 கிராம் உப்பைக் கொட்டுகிறோம்.

152.3???
000.4172
————
152.7???

மேலே கேள்விக்குறி இருக்கும் இடத்தில் கீழே 172 இருந்து என்ன பயன்? தெரியாததோடு தெரிந்ததைக் கூட்டினால் தெரியாததுதான் வரும். விடை 152.7. கூட்டலில் இலக்கங்கள் நேருக்கு நேர் நின்று சேர்கின்றன, அதனால் யாருடைய எண் எந்த இடத்தில் முதலில் கேள்விக்குறி ஆகிறது என்பதுதான் கணக்கு. எத்தனை எண்ணுரு என்று எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

கழித்தலில் இது இன்னும் பயங்கரம். குடுவை மட்டும் 152.3, உப்போடு சேர்ந்து 152.7, உப்பு எவ்வளவு? 0.4. நான்கு நான்கு எண்ணுருக்களோடு உள்ளே போன இரண்டு எண்களிலிருந்து வெளியே வந்தது ஒற்றை எண்ணுரு. 0.4 என்பது 0.3 ஆகவும் இருக்கலாம், 0.5 ஆகவும் இருக்கலாம். ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போதெல்லாம் இப்படித்தான், கையில் இருந்த இலக்கம் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தேர்வில் இதை வைத்து மடக்கிக் கேட்பார்கள், கவனம்.

பெருக்கலில் கதை வேறு. அங்கே சதவீதம்தான் பேசும். ஒரு பக்கத்தில் 2 சதவீதம் ஆட்டம் இருந்தால் விடையிலும் குறைந்தது அந்த 2 சதவீதம் வந்தே தீரும், நீ எதைக் கொண்டு பெருக்கினாலும் சரி. எத்தனை எண்ணுரு இருக்கிறது என்பது அந்தச் சதவீதத்துக்கு ஒரு குத்துமதிப்பான அடையாளம். அதனால் யாரிடம் எண்ணுருக்கள் குறைவோ அவரை வைத்து விடையை நிறுத்துகிறோம்.

இன்னொன்று. மடக்கை (லாகரிதம்) அட்டவணை பார்ப்பாய் அல்லவா? எண்ணை முதலில் அறிவியல் குறியீட்டில் எழுதிக்கொள், பாதி வேலை முடிந்தது. 2500 = 2.5 × 10³. அதன் மடக்கை 3.3979. முன்னால் இருக்கும் 3 அந்த அடுக்கேதான், அட்டவணையில் 2.5-க்குப் பார்த்தது .3979. 0.0025 என்றாலும் அதே .3979 தான், அடுக்கு மட்டும் −3. மாணவர்கள் இந்த முழு எண் பகுதிக்குத் தனியாக ஒரு விதி வைத்துக்கொண்டு புள்ளிக்கு முன்னால் எத்தனை இலக்கம், அதில் ஒன்று குறைத்து, என்று விரல் விட்டுக்கொண்டிருப்பார்கள். தேவையே இல்லை.

செல்வி_டைப்பிங்:

நான் இயற்பியல் எல்லாம் மறந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் இந்தப் பத்தின் அடுக்கு என்னைத் தினமும் துரத்துகிறது. எக்செல்லில் வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் 1.23457 போட்டு, பக்கத்தில் ஆங்கில 'இ' போட்டு, +15 என்று காட்டுகிறது. ஆதார் எண்ணுக்கும் இதே கதை, அங்கே +11. அது இதுதானா?

ஆய்வகக்_கலா:

அதேதான் செல்வி. அந்த 'இ'யை "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்று படியுங்கள். 1.23457 × 10¹⁵. எக்செல் உங்கள் கணக்கு எண்ணை ஏதோ அளவு என்று நினைத்துக்கொண்டு அறிவியல் குறியீட்டில் காட்டுகிறது.

ஆதாருக்கு 12 இலக்கம். அது உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், பார்வைக்கு மட்டும் சுருங்கியிருக்கும். செல்லின் வடிவத்தை நம்பர் என்று மாற்றி, புள்ளிக்குப் பிறகு 0 இலக்கம் என்று வைத்தால் முழுதாகத் தெரியும். ஆனால் சுருங்கிய நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் போகும், மீதி இலக்கம் போனது போனதுதான்.

15 இலக்கத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம். எக்செல் 15 முக்கிய எண்ணுருக்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 1234567890123456 என்று அடித்துப் பாருங்கள், கடைசி 6 போய் 0 ஆகியிருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே கணக்கு எண், ஆதார், கார்டு எண் எல்லாம் அடிக்கும் முன்னாலேயே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அவை அளவே இல்லை, எண்ணால் எழுதிய பெயர்கள். கூட்டவோ பெருக்கவோ போவதில்லையே.

செல்வி_டைப்பிங்:

கார்டு எண்ணில் கடைசி இலக்கம் சுழியாகவே வந்துகொண்டிருந்ததற்கு இதுதான் காரணமா! ரொம்ப நன்றிங்க. கீபோர்டில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் இங்கே.

அளவியல்_ஆசாமி:

நல்ல இழை. சில இடங்களில் திருகாணியை இறுக்க வேண்டியிருக்கிறது.

எவரெஸ்ட் கதை சுவையானதுதான், ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆறு இடங்களிலிருந்து பார்த்து ஆறு உயரம் கிடைத்தது. அதில் மிகச் சிறியது சுமார் 28,990 அடி, மிகப் பெரியது சுமார் 29,026 அடி. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் வருவது 29,002 தான். அந்த 2 ஒட்டவைத்தது இல்லை. எனக்கு உறுத்துவது வேறு: ஆறு விடைகளும் 36 அடி அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும்போது கடைசி 2-ஐ எந்தத் தைரியத்தில் எழுதுவது? நூறு மைல் தூரத்துக்குக் காற்றில் ஒளி வளைந்து வருகிறது, அந்த வளைவுக்கு எவ்வளவு கழிப்பது என்பதே அப்போது பாதி ஊகம். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீ, அதாவது 29,032 அடிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆக 1856-இன் எண் முப்பது அடி பிசகு, ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காலத்துக் கருவிக்கு அபாரமான வேலை. 2.90 × 10⁴ அடி என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் அது சரியாகவே இருந்திருக்கும். சிக்தாரின் கணக்கைக் குறை சொல்லவில்லை, அதை வெளியிட்ட விதத்தைத்தான் சொல்கிறேன்.

இதே நோய் உங்கள் வீட்டுக் காய்ச்சல்மானியிலும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வெப்பநிலையை வைத்து, ஆரோக்கியமான உடம்புக்கு 37 டிகிரி செல்சியஸ் என்றார். இரண்டு எண்ணுரு. அதை யாரோ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி 98.6 என்று எழுதிவிட்டார்கள், மூன்று எண்ணுரு ஆகிவிட்டது. முழு டிகிரிக்குச் சொன்ன 37-ஐ 36.5 முதல் 37.5 வரை என்று எடுத்தால் அது ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை போகிறது. 98.9 காட்டினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் புள்ளி ஆறு யாரும் அளந்து வந்ததே இல்லை, 9/5-ஆல் பெருக்கியதில் முளைத்தது.

அப்புறம், எல்லாச் சுழியும் சந்தேகத்துக்குரியது இல்லை. எண்ணி எடுத்தது, வரையறுத்தது இரண்டுக்கும் இந்த விதிகள் பொருந்தாது. வகுப்பில் 40 பேர் என்றால் 40 பேர்தான். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ என்பதில் எத்தனை எண்ணுரு என்று கேட்கக்கூடாது. ஒளியின் வேகம் 29,97,92,458 மீ/வி என்பது 1983 முதல் வரையறை, அதில் பிழையே கிடையாது. சூரியனுக்கான தூரத்தை வைத்து வந்த வானியல் அலகும் 2012 முதல் 14959,78,70,700 மீட்டர் என்று வரையறுத்தாகிவிட்டது. பாருங்கள், அது இரண்டு சுழியில் முடிகிறது, இரண்டும் அசல் சுழி. அவகாட்ரோ எண்ணும் 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று உறைந்துவிட்டது. இன்னமும் 6.023 என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான்கு எண்ணுருக்களுக்கு முழுமையாக்கினால் 6.022 தான் வரும், 6.023 ஒருநாளும் வராது. நேர்மாறாக ஈர்ப்பு மாறிலியைப் பாருங்கள், 6.674 × 10⁻¹¹ என்பதற்கு மேல் இன்னொரு இலக்கத்துக்கு ஆய்வுக்கூடங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அடிப்படை மாறிலிகளில் அளப்பதற்கு இவ்வளவு முரண்டு பிடிப்பது வேறு இல்லை.

கடைசியாக ஐயா சொன்ன அந்தக் குத்துமதிப்பு. 1.0 என்பதும் 9.9 என்பதும் இரண்டு எண்ணுரு. ஆனால் முன்னதில் 0.05 ஆட்டம் என்பது 5 சதவீதம், பின்னதில் அரை சதவீதம். பத்து மடங்கு வித்தியாசத்தை ஒரே பெட்டியில் போடுகிறது இந்த முறை. அதனால்தான் ஆராய்ச்சியில் யாரும் எண்ணுருக்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று ± போட்டு எழுதுவார்கள். கவின் தன் உருளைக்கு 60.4 ± 0.5 செ.மீ³ என்று எழுதினால் எந்த விதியும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_கணக்கு:

ஆசாமி சார், ± எல்லாம் சரி. பதினாறு வயசுப் பிள்ளை மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டிய தேர்வில் ஒவ்வொரு வரிக்கும் பிழை கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? எண்ணுரு விதி கைக்கு அடக்கமான முறை. அது பள்ளிக்கூடத்துக்குப் போதும்.

அளவியல்_ஆசாமி:

போதும் ஐயா. அதை எதற்கு மாற்றாக வைத்திருக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும் என்கிறேன்.

கவின்_பிளஸ்ஒன்:

கேள்விக்குறி வைத்துக் கூட்டியதும் நன்றாகவே புரிந்தது ஐயா. கழித்தலில் இலக்கம் தொலைவதை இதுவரை கவனித்ததே இல்லை.

இன்னொரு சந்தேகம். அதே உருளையின் நிறை 163.2 கிராம், அடர்த்தி கேட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு படியிலும் மூன்று எண்ணுருக்களுக்கு முழுமையாக்கிக்கொண்டே போனேன்: 1.25-இன் வர்க்கம் 1.56, அதை 12.3-ஆல் பெருக்க 19.2, பை 3.14-ஆல் பெருக்க 60.3, கடைசியில் 163.2-ஐ 60.3-ஆல் வகுக்க 2.71. பக்கத்தில் இருக்கும் நண்பன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கால்குலேட்டரில் போட்டு 2.7 என்று எழுதியிருக்கிறான். யாருடையது சரி?

ஆய்வகக்_கலா:

இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் கிடையாது.

நடுவில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு படியிலும் வெட்டினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிழையை நீயே உள்ளே போடுகிறாய், அவை ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால் கடைசி இலக்கம் நகர்ந்துவிடும், உனக்கு நடந்தது அதுதான். கால்குலேட்டர் இருந்தால் எல்லா இலக்கத்தையும் அதற்குள்ளேயே விட்டுவை. மடக்கை அட்டவணையில் போடுகிறாய் என்றால் வேண்டியதைவிட ஓர் இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு போ, முடிவில் மட்டும் முழுமையாக்கு. அப்படி முழுமையாக்கும்போது விடப்போவது சரியாக 5 மட்டும் என்றால், முன்னால் இருப்பது இரட்டைப்படை என்றால் அப்படியே விடு, ஒற்றைப்படை என்றால் ஒன்று கூட்டு. 3.25 என்பது 3.2, 3.35 என்பது 3.4. எப்போதும் மேலேயே ஏற்றிக்கொண்டிருந்தால் சராசரி மேலே ஏறிவிடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

உன் நண்பனுடைய கால்குலேட்டரில் 2.70299 என்று ஏதோ வந்திருக்கும். மூன்று எண்ணுருக்களுக்கு அது 2.70. அவன் சுழியை விட்டுவிட்டான், நீ அன்றைக்கு 2.50-இல் விட்டதுபோலவே. உன் 2.71-க்கும் 2.70-க்கும் உள்ள வித்தியாசம் என்னவோ அளவீட்டின் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் சுமார் 0.02 ஆட்டம் வரும். அதனால் உலகம் இடிந்துவிடாது, ஆனால் அந்த 1 உருளையிலிருந்து வரவில்லை, உன் வெட்டுகளிலிருந்து வந்தது.

அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம்/செ.மீ³. உருளை பளபளவென்று எடை குறைவாக இருந்திருந்தால் அது அலுமினியம்தான் என்று தைரியமாக எழுதலாம்.

அப்புறம், 2.71-க்கும் 2.7-க்கும் இரண்டு பேருமே அலகு எழுதவில்லை. அதற்கும் அரை மதிப்பெண் போகும்.